கடலூரில் ஞாயிறும் விடுமுறை நாளும் கடை திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் கடைகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாமா என்ற பேச்சு ஆடித் தள்ளுபடியோடு தொடங்கித் தீபாவளி, பொங்கல் வரை ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது ஆண்டுகள் விற்பனையாளராக நின்றவன். இப்போது சில சில்லறைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். முதலாளிகளும் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கடை திறந்திருப்பதற்கு நான் எதிரி அல்லன். கடையின் நேரத்தை நீட்டும்போது, அதில் வேலை செய்பவரின் ஓய்வு நாளை அதற்கு விலையாகக் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதைச் சட்டம் தடுக்கிறதா?

இல்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், வாரத்தில் எந்தக் கிழமை ஓய்வு நாளாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும், அந்த விடுமுறைக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது என்பது அதன் விதி. அதனால்தான் முடிதிருத்தும் கடைகள் செவ்வாய்க்கிழமை மூடப்படுகின்றன. இரும்புக்கடைகளும் மொத்த வியாபாரக் கடைகளும் ஞாயிறன்று ஷட்டரை இறக்குகின்றன. நகைக்கடைகள் ஞாயிறன்று மும்முரமாக இயங்குகின்றன. இவை வழக்கத்தாலும் தெருவின் ஒப்பந்தத்தாலும் வந்தவை.

24 மணி நேரமும் திறக்கலாம் என்ற அரசாணை எந்தக் கடைகளுக்குப் பொருந்தும்?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாள்களிலும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019இல் மூன்று ஆண்டுகளுக்கு ஆணை பிறப்பித்தது. அது 2022இலும் 2025இலும் மேலும் மூன்று மூன்று ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. எனவே பெரிய கடைகளைப் பொறுத்தவரை, ஞாயிறு திறக்க அனுமதி வேண்டும் என்று இனிமேல் யாரும் கோரிக்கை வைக்க வேண்டியதில்லை. அனுமதி ஏற்கெனவே இருக்கிறது.

அந்த ஆணையின் முதல் வரியைப் படித்தவர்கள் பலர் உண்டு. பின்வரும் நிபந்தனைகளைப் படித்தவர்கள் குறைவு. ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். யாருக்கு எந்த நாள் விடுமுறை என்பதை எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். சம்பளம் ஊழியரின் வங்கிக் கணக்கில் செல்ல வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வேலையின் அளவு. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி நேரத்தையும் வாரத்துக்கு 57 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. ஓய்வறை, கழிப்பறை, உடைமைகளை வைக்கப் பெட்டி ஆகிய வசதிகளும் வேண்டும். கடைக்குத் தரப்பட்ட 24 மணி நேரம், கடையில் நிற்பவருக்குத் தரப்பட்டதல்ல என்பதை இந்த நிபந்தனைகள் தெளிவாகவே சொல்கின்றன.

எங்கள் கடையில் நான்கு பேர்தான் வேலை செய்கிறார்கள். எங்களுக்கு என்ன விதி?

பத்துப் பேருக்குக் குறைவான கடைகள் மேற்சொன்ன ஆணைக்குள் வருவதில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது விதிகளே பொருந்தும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை, வேலையும் இடைவேளையும் சேர்ந்து 12 மணி நேரத்துக்குள், மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம், வாரம் ஒரு நாள் விடுமுறை. முதலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து அவரைச் சார்ந்திருக்கும் மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோர் இந்தச் சட்டத்தின் பார்வையில் ஊழியர் அல்லர். 

உண்மையான இடுக்கண் இருப்பது இந்த நான்கு பேர் கடைகளில்தான். நாற்பது பேர் உள்ள கடையில் ஞாயிறன்று ஆறு பேர் இல்லாவிட்டாலும் வியாபாரம் நடக்கும். நான்கு பேரில் ஒருவர் இல்லையென்றால் கல்லாவில் இருக்கும் முதலாளியே எழுந்து துணியை விரிக்க வேண்டும். ஆகவே அந்த விடுமுறை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அடுத்த வாரம் முகூர்த்த நாள் வருகிறது. பிறகு அதைப் பற்றிக் கேட்பதே நன்றிகெட்ட செயல் என்றாகிவிடுகிறது. இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: ஞாயிறு திறக்க விரும்பும் சிறு கடை, வாரத்தின் மந்தமான ஒரு நாளில், பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதன், முழுக் கடையையும் மூடிவிட வேண்டும். தெருவே சேர்ந்து அப்படி முடிவெடுத்தால் ஒருவர் மூட மற்றவர் வாடிக்கையாளரைப் பிடித்துக்கொள்வார் என்ற பயமும் இருக்காது.

அரசு விடுமுறை என்று அறிவித்தால் கடையையும் மூட வேண்டுமா?

வேண்டியதில்லை. அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட நாள்கள் இருக்கும்; அது அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் உரியது. கடை ஊழியருக்கு உரியது வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும் பண்டிகைக்காக ஐந்து நாள்களும், ஆக ஆண்டுக்கு ஒன்பது நாள்கள், சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகத் தரப்பட வேண்டும். வார விடுமுறை இந்தக் கணக்கில் சேராது. தேர்தல் வாக்குப்பதிவு நாளில் வாக்காளரான ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை என்பது தனிச் சட்டத்தின்படி வருவது.

சுதந்திர தினத்தன்று வேலைக்கு வரச் சொன்னால் என்ன சம்பளம்?

அந்த ஒன்பது நாள்களில் எந்த நாளிலும் ஊழியரை வேலைக்கு அழைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்படி வேலை செய்பவருக்கு அந்த நாளுக்கு இரட்டிப்புச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாளில் சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறை, இரண்டில் ஒன்று கிடைக்க வேண்டும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியருடையது. இந்தச் சட்டத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். எங்கள் தொழிலில் இப்படி ஊழியரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடங்கள் அதிகம் இல்லை.

நான் வேலை செய்த கடையில் ஆகஸ்ட் 15 அன்று காலை கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள். ஒன்பதரை மணிக்குக் கடை திறக்கும். இரவு பத்து மணிக்கு மேல்தான் வீடு. அன்று மதியச் சாப்பாட்டைக் கடையே வாங்கித் தரும். அந்தச் சாப்பாடுதான் விடுமுறை நாள் வேலைக்கான கூலி என்று ஒன்பது ஆண்டுகளும் நம்பிக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதும் வேலைக்கு வந்த பிறகு, ஒரு தணிக்கையின்போது இந்தச் சட்டத்தின் படிவங்களைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உரியது எது என்று தெரிந்தது. அந்த முதலாளி கெட்டவர் அல்லர். என் தங்கையின் திருமணத்துக்கு முன்பணம் தந்தவர். அவருக்கும் யாரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு ஆண்டில் நான்கு தேசிய விடுமுறைகள் என்றால் ஒன்பது ஆண்டுகளில் முப்பத்தாறு நாள்கள். அந்தக் கணக்கை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஞாயிறு திறந்தால் வியாபாரம் உண்மையில் கூடுமா, அல்லது ஆறு நாள் வியாபாரம் ஏழு நாளுக்குப் பிரியுமா?

இது கடைக்குக் கடை மாறும். பொத்தாம்பொதுவாகக் கூடும் என்று சொல்பவர்களையும் கூடாது என்று சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கும் குடும்பம் ஞாயிறன்று கடை மூடியிருந்தால் சனிக்கிழமையே வாங்கிவிடும்; அங்கே வியாபாரம் பிரியத்தான் செய்கிறது. ஜவுளி, நகை, பாத்திரம், வீட்டுச் சாமான் ஆகியவை அப்படியல்ல. அவற்றைக் குடும்பத்தோடு வந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். கணவன் சிப்காட்டிலும் மனைவி பள்ளியிலும் வேலை செய்யும் வீட்டுக்கு ஞாயிறு ஒன்றுதான் இருவருக்கும் பொதுவான நாள். நெல்லிக்குப்பத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பேருந்தேறி லாரன்ஸ் ரோட்டுக்கு வருபவர்கள் அன்று கடை மூடியிருப்பதைக் கண்டால் திங்கட்கிழமை திரும்பி வருவதில்லை. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ள புதுச்சேரிக்குப் போய்விடுகிறார்கள்.

கடலூருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாள்களில் ஒரே காலையில் எத்தனையோ திருமணங்கள் நடக்கின்றன. முகூர்த்தம் ஞாயிறன்று விழுந்தால் அன்று காலை ஆறு மணிக்கே பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் வேட்டி, துண்டு விற்கும் கடைக்கும் ஆள் வருகிறது. மறந்துபோன தாம்பாளத்துக்காக அலைந்த பெண்வீட்டாரைப் பார்த்தவர்கள், ஞாயிறன்று எல்லாக் கடைகளும் மூடியிருக்கட்டும் என்று சொல்ல மாட்டார்கள். துறைமுகத்து மீன் வியாபாரமும் உழவர் சந்தையும் ஞாயிறு காலையை நம்பியே இருக்கின்றன.

ஞாயிறு என்பது உழைப்பவர் பொருள் வாங்கும் நாள் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருப்பதற்கு நியாயவிலைக் கடை சாட்சி. மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஷன் கடை திறந்திருக்கும். அதற்கு ஈடாக அந்த வாரங்களின் வெள்ளிக்கிழமை விடுமுறை. சம்பளம் கையில் இருக்கும் முதல் இரண்டு வாரம் ஞாயிறு திறப்பு, பிறகு ஞாயிறு ஓய்வு என்ற இந்த ஏற்பாட்டைத் தனியார் கடைகளும் பின்பற்றலாம். ஆண்டு முழுவதும் எல்லா ஞாயிறும் திறந்து, மாதக் கடைசியில் மின்விசிறிக்குக் கீழே ஊழியர்கள் சும்மா நிற்பதை விட அது எல்லோருக்கும் நல்லது.

ஞாயிறுக்குப் பதில் வேறு நாள் விடுமுறை தந்துவிட்டால் ஊழியருக்கு என்ன குறை?

சட்டப்படி குறை இல்லை, வாழ்க்கைப்படி உண்டு. செவ்வாய்க்கிழமை வீட்டில் இருக்கும் தாய்க்குப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். உறவினர் வீட்டு விசேஷம், காதுகுத்து, பெண் பார்க்கும் சடங்கு, தேவாலயத்தின் ஞாயிறு ஆராதனை, எல்லாமே அவர் கடையில் நிற்கும் நாளில் நடக்கின்றன. நான் வேலை செய்த ஆண்டுகளில் என் மகனின் ஒரு விளையாட்டு விழாவுக்குக்கூடப் போனதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் துணி துவைத்து, மின் கட்டணம் கட்டி, தூங்கி எழுந்தேன்.

இதற்கு நெய்வேலியில் ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே சுரங்கமும் அனல்மின் நிலையமும் ஞாயிறு என்று நிற்பதில்லை. தொழிலாளர்கள் ஷிப்டு முறையில் வருகிறார்கள், வார விடுப்பு முறைவைத்து வருகிறது. நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படியே வாழ்ந்து பழகியிருக்கின்றன. அங்கே அது நடப்பதற்குக் காரணம் பட்டியல் முன்கூட்டியே தெரிவது. கடைகளில் குறைவது அதுதான். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, 'நாளைக்கு வந்துடு' என்று சொல்வது சுழற்சி முறை அல்ல. மாதத் தொடக்கத்திலேயே பட்டியல் ஒட்டப்பட்டு, ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடுமுறை கிடைத்தால் இந்தக் குறையில் பாதி தீர்ந்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு என்பது சட்டத்தில் இல்லை; அது என் வேண்டுகோள்.

கூட்ட நாளில் ஊழியர் உட்காரலாமா?

உட்காரலாம். 2021இல் தமிழ்நாடு 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று சேர்த்தது. நாள் முழுக்க நிற்பவர்களின் கால் நரம்பு வீங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருத்தத்தின் அருமை தெரியும். பண்டிகை ஞாயிறுகளில் இடம் அடைக்கிறது என்று ஸ்டூல்களை எடுத்து மாடியில் போட்டுவிடுகிறார்கள். மற்ற எந்த நாளையும் விட அந்த நாளில்தான் அவை தேவை.

பெண் ஊழியர்களை எத்தனை மணி வரை நிறுத்தலாம்?

மேற்சொன்ன 24 மணி நேர அரசாணைப்படி பொதுவாக இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை செய்யச் சொல்லக் கூடாது. அவர் எழுத்து மூலம் சம்மதம் தந்தால், போதிய பாதுகாப்போடு இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை பணியமர்த்தலாம். வீடு போய்ச் சேர வாகன ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாடு இருப்பதை வாசலில் அறிவிப்பாக வைக்க வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவும் இருக்க வேண்டும். விடுமுறை நாள் இரவுகளில் கிராமங்களுக்குப் பேருந்து குறைந்துவிடும் நம் ஊரில், ஞாயிறு நேரத்தை ஒன்பது, பத்து என்று நீட்டுபவர் முதலில் வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பள்ளி மாணவர்களை ஞாயிறு மட்டும் வேலைக்கு வைக்கலாமா?

14 வயது நிரம்பாதவரை வைக்கவே கூடாது. 14 முதல் 17 வயது வரையுள்ள இளைஞர்களைக் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வேலை வாங்கக் கூடாது. நாளுக்கு 7 மணி நேரமே உச்ச அளவு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் இந்த விதி மீறப்படுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விடுமுறை நாளில் கட்டாயம் மூட வேண்டிய கடைகள் உண்டா?

உண்டு. காந்தி ஜயந்தி, மகாவீர் ஜயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் ஆகிய நாள்களில் இறைச்சிக் கடைகளை மூடும்படி உள்ளாட்சிகள் அறிவிக்கின்றன. அரசு மதுக்கடைகளுக்கும் அவை விடுமுறை. தைப்பூசத்தை ஒட்டி வடலூரில் லட்சக்கணக்கானோர் கூடும் நாளில் நம் மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம். அதே வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணைந்ததில்லை. வருவோர்க்கெல்லாம் சோறு கிடைக்கிறது. ஆனால் ஒரே கை எல்லா நாளும் கரண்டி பிடிப்பதில்லை.

புதுச்சேரியில் கிளை உள்ள கடைக்கு ஒரே விதி போதுமா?

போதாது. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் சட்டமே வேறு; புதுச்சேரிக்குத் தனிக் கடைகள் சட்டம் 1964இலிருந்து இருக்கிறது. விடுமுறைப் பட்டியலும் வேறு: நவம்பர் 1 விடுதலை நாளும் ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாளும் அங்கே உண்டு, இங்கே இல்லை. இரு ஊரிலும் கிளை வைத்திருப்பவர் இரண்டு விடுமுறைப் பதிவேடுகளை வைத்துக்கொள்ள வேண்டும். காந்தி வீதியின் ஞாயிறு சந்தையைப் பார்த்துவிட்டு நாமும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அது பெரும்பாலும் நடைபாதை வியாபாரிகளின் சந்தை, அதன் ஒழுங்கு தெரு, குப்பை, போக்குவரத்து பற்றியது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் கடைகளின் கேள்வி வேறு.

வெளிநாடுகளில் சிறு நகரங்களுக்கு இதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

பெர்த்தில் இருக்கும் உறவினரைப் பார்த்துவிட்டு வந்த ஒரு கடைக்காரர் கேட்ட கேள்வி இது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1987ஆம் ஆண்டின் சில்லறை வணிக நேரச் சட்டம் கடைகளின் திறப்பு நேரத்தையே வரையறுக்கிறது. பெர்த் பெருநகரம் முழுவதும் பொதுக்கடைகள் ஞாயிறன்று காலை 11 முதல் மாலை 5 வரை திறக்க 2012இல்தான் வழி பிறந்தது. பெருநகருக்கு வெளியே உள்ள ஊர்களில், நேரத்தை நீட்ட வேண்டுமானால் அந்த ஊரின் உள்ளாட்சி மன்றம் அமைச்சரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத்தின் வடபகுதிக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஞாயிறு வேலைக்கு அங்கே கூடுதல் விகிதத்தில் ஊதியம் உண்டு.

அங்கே சட்டம் கடையின் கதவைக் காவல் காக்கிறது. இங்கே கதவைத் திறந்துவிட்டு ஊழியரின் நேரத்தை மட்டும் காக்கிறது. நம் முறையில் ஊருக்குக் குரல் இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றுகிறது. எந்த ஞாயிறு திறப்பது, எந்த நாள் மூடுவது என்று வணிகர் சங்கமும் ஊழியர்களும் மாநகராட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இங்கே எந்த ஏற்பாடும் இல்லை. கடலூர் 2021இல் மாநகராட்சியானது. ஞாயிறு திறப்புக்கு ஏற்ப லாரன்ஸ் ரோட்டில் கழிப்பறையும் குப்பை அகற்றலும் அன்று மாலை வரை நடக்க வேண்டும் என்பதையாவது மாநகராட்சியில் பேசலாம்.

விடுமுறையும் இரட்டிப்புச் சம்பளமும் கிடைக்காவிட்டால் எங்கே சொல்வது?

மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இதற்கு உரியது. தேசிய விடுமுறை நாள்களில் அதன் ஆய்வாளர்கள் கடைகளிலும் உணவகங்களிலும் ஆய்வு நடத்துகிறார்கள். வேலைக்கு வந்த நாள், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் நீங்களே எழுதி வையுங்கள். கைப்பேசியில் வந்த, வேலைக்கு வரச் சொல்லும் செய்திகளை அழிக்காதீர்கள். சம்பளம் வங்கியில் வருகிறது என்றால் அந்தப் பதிவே பாதிச் சான்று.

ஞாயிறு நேரத்தை நீட்ட முடிவு செய்துவிட்ட முதலாளி முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு முழுத் தாள் எடுத்து, இடப்பக்கம் ஊழியர் பெயர்களையும் மேலே மாதத்தின் தேதிகளையும் எழுதி, ஒவ்வொருவரின் விடுமுறை நாளையும் அவரைக் கேட்டு நிரப்பி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஒன்பது பண்டிகை, தேசிய விடுமுறைகளையும் அதிலேயே சிவப்பு மையில் குறித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக்கடையில் இதைச் செய்ய அரை மணி நேரம் ஆனது. அதில் தன் பெயருக்கு நேரே ஒரு ஞாயிறு குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்த ஒரு அக்கா, அன்று மாலையே மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார்.